ஸ்டியரிங்கில் நீ கட்டிவைத்த சீட்டு

அன்பு மகன் சீலனுக்கு,

கோழி ஒன்று மையை மிதித்துவிட்டுத் தாள் மேல் நடந்து போயிருக்கிறது என்று நினைத்துவிடாதே. இது உன் அப்பன் எழுத்துதான். கோடு போட்ட தாள் வாங்கியும் என் எழுத்து கோட்டில் உட்கார மாட்டேன் என்கிறது. ‘ஞ’ எழுதும்போது என் நாக்கும் சேர்ந்து வளைகிறது என்று டீச்சரம்மா சிரிக்கிறார். ஒரு நாளைக்கு அரைப் பக்கத்துக்கு மேல் கை ஓடவில்லை. இதை முடிக்க எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. ஐந்தாவது வரை படித்த மனிதனுடைய எழுத்து இப்படியா இருக்கும் என்று நீ கேட்பாய். நான் ஐந்தாவது படிக்கவில்லை, சீலா. ஒன்றாவதும் படிக்கவில்லை. போன வருடம் வரை எனக்கு ‘அ’ எது, ‘ஆ’ எது என்று தெரியாது. உன்னிடம் சொன்ன பொய்களில் இதுதான் முதல் பொய். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது.

உன் அம்மா போன பிறகு வீட்டுக்கு வரும் காகிதங்களைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. கரண்ட் பில்லா, கல்யாணப் பத்திரிகையா என்றுகூடத் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே ஆணியில் குத்தி வைத்திருந்தேன். சர்ச்சுக்குப் பின்னால் உள்ள ஹாலில், நர்ஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன ஒரு அம்மா மத்தியானத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பதினோரு பொம்பளைகள், ஆம்பளை நான் ஒருத்தன். முதல் வாரம் வெட்கத்தில் கதவோரமாகவே உட்கார்ந்தேன். இப்போது முதல் பெஞ்சு என்னுடையது. யாராவது அதில் உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வருகிறது. நானாகவே முதலில் படித்தது எது தெரியுமா? ஆம்பூர் டவுன் பஸ்ஸில் சன்னலுக்கு மேலே எழுதியிருந்தது. பேரணாம்பட்டு ரோட்டிலிருந்து ஸ்டேஷன் வருகிற வரைக்கும் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பார்த்தேன். ‘புகை பிடிக்காதீர்.’ முப்பது வருடமாக அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் பீடி குடித்திருக்கிறேன். கண்டக்டர்கள் கத்துவதெல்லாம் என் மேல் இருக்கும் ஏதோ பகையால் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சுவரில் ஒட்டிய ஒரு நோட்டீசைக்கூட விடுவதில்லை.

ஆனால் படிக்கத் தெரிந்த பிறகு பழையதெல்லாம் வேறு மாதிரி தெரிகிறது. உன் ரேங்க் கார்டை எடுத்துக்கொண்டு வருவாய். நான் வாங்கி ரொம்ப நேரம் பார்ப்பேன். பிறகு, “இன்னும் நல்லாப் படிக்கணும்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். கையெழுத்து மட்டும் படம் வரைவது போலப் பழகி வைத்திருந்தேன். எட்டாவதில் ஒரு முறை அப்படிச் சொன்னபோது நீ அழுதாய். “அழுவாதடா, அடுத்த தடவ பாக்கலாம்” என்றேன். உள்ளே போனதும் உன் அம்மா என்னிடம், “அவன் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கிட்டு வந்துக்கிறான்யா” என்றாள். அப்போதாவது திரும்பி வந்து உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால், முதலில் ஏன் தெரியவில்லை என்று நீ கேட்பாயே.

உனக்கு அடுத்த மாதம் கல்யாணம். போனில் பேசும்போது, “மாமா வரமாட்டாருப்பா, விடு. அவரு சைடு யாரும் வேணாம், சிம்பிளா முடிச்சுக்கலாம்” என்றாய். அம்மா இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமனும் இல்லாமல் கல்யாணம். நீ அதைச் சாதாரணமாகச் சொன்னாய். அவர் உன்னோடு பேசாமல் இருப்பதற்குக் காரணம் நீ இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன், வாய் வரவில்லை.

நம் பழைய டிராக்டர் உனக்கு மறந்திருக்காது. தோல் மண்டியிலிருந்து உப்புப் போட்ட தோல் ஏற்றிக்கொண்டு டேனரிக்கு டேனரி ஓடிய வண்டி. தோலிலிருந்து வடியும் உப்புத்தண்ணீர் வண்டியின் வயிற்றுக்குள்ளே இறங்கி, இரும்பையும் ஒயரையும் தின்றுகொண்டே இருக்கும். நீ ஐ.டி.ஐ.யில் சேர்ந்த வருடம் அது ஸ்டார்ட் ஆகாமல் படுத்துக்கொண்டது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு மெக்கானிக் பேட்டரி செத்துப்போச்சு என்றார். இன்னொருவர் மோட்டாரையே கழற்றி எடுத்துக்கொண்டு போய், ஒன்றும் செய்யாமல் திருப்பிக்கொண்டு வந்தார். நீ ஒரு பல்பையும் இரண்டு துண்டு ஒயரையும் எடுத்துக்கொண்டு கீழே படுத்தாய். “அண்ணே, பேட்டரில கரண்டு கீது. ஹெட்லைட்டு போட்டுட்டு சாவி திருப்புங்க, லைட்டு எப்டி மங்குதுன்னு பாருங்க. எங்கியோ எர்த் பிடிக்கல” என்றாய். மெக்கானிக் என்னைப் பார்த்து, “உம் புள்ள எனக்கே பாடம் எடுக்குறான் பாரு” என்று சிரித்தார். பேட்டரியிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் ஒயரின் நுனியை நீ கழற்றிக் காட்டினாய். பச்சையாகப் பூத்து, உள்ளே மாவாக உதிர்ந்தது. உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, ஒயர் நுனிக்குப் புது லக் வளையம் அடித்து முடுக்கினாய். முதல் சுற்றிலேயே வண்டி பிடித்தது. மெக்கானிக் சிரிப்பை நிறுத்திவிட்டு, “உப்பு வண்டின்னா இனிமே எர்த்ததான் மொதல்ல பாக்கணும் போல” என்றார். அன்றைக்குத் தெருவில் எல்லோரிடமும் போய்ச் சொன்னேன். உன்னிடம் மட்டும் ஒரு வார்த்தை பாராட்டிச் சொல்லவில்லை. அப்பன் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த வருடம் வேறு கோளாறு வந்தது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. லைட் மட்டும் நன்றாக எரிகிறது. பத்து நாளாகத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தேன். நீ ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் பல்போடு உட்கார்ந்தாய். சாவி வரைக்கும் கரண்ட் வந்தது. கியர் ராடுக்குக் கீழே இருந்த சின்ன சுவிட்சைத் தாண்டி வரவில்லை. நியூட்ரலில் இருந்தால்தான் வண்டி கிளம்ப வேண்டும் என்று கம்பெனிக்காரன் வைத்த காவல் அது. அதையும் உப்பு தின்றிருந்தது. இதெல்லாம் பிற்பாடு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்; நான் அப்போது டீக்கடையில் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தபோது நீ வேலையை முடித்துவிட்டு வேலூருக்குக் கிளம்பிப் போயிருந்தாய். ஸ்டியரிங்கில் நூல் போட்டு ஒரு சீட்டுக் கட்டியிருந்தாய். வழக்கமாக பஜாரில் வாங்க வேண்டிய சாமான்களுக்கு நீ சீட்டு எழுதுவாய். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து அதை அங்கேயே விட்டுவிட்டேன். உன் அம்மாவிடம் படிக்கச் சொல்லலாம் என்று இருந்தேன். அவள் விடியற்காலையே எழுந்து ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவள். சொல்ல மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை உன் மாமா மண்டிக்குப் போக நம் வண்டிக்காக வந்தார். அப்போது அவர் அங்கே மேஸ்திரி. நம் வாசல் சரிவு உனக்குத் தெரியும். கை பிரேக் பிடிக்காது என்பதால் வண்டியை எப்போதும் கியரில் போட்டு, முன் சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைத்துதான் நிறுத்துவோம். கிளப்பும்போது கியரில் இருந்தால் அந்தச் சுவிட்ச் விடாது, வண்டி அசையாது. அதனால் கீழே நின்றபடியே சாவியைத் திருப்பிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். சத்தம் வரவில்லை என்றால்தான் நியூட்ரல் ஞாபகம் வரும். நான் சீட்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தேன். உன் மாமா, “இன்னா மாப்ள, சீட்டுல இன்னா எழுதிக்கிறான் உம் புள்ள?” என்றார். அவர் எட்டாவது பாஸ். அதை அடிக்கடி சொல்லிக் காட்டுகிறவர். அவர் எதிரே எனக்குத் தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். “ஒண்ணுமில்ல மச்சான். சாமான் லிஸ்டு. பல்பு ரெண்டு, ஃப்யூஸு நாலு, டேப்பு ஒண்ணு” என்று படித்தேன். ஆமாம், படித்தேன். வரிக்கு வரி கண்ணை நகர்த்திப் படித்தேன். சீட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். “பையன் ரிப்பேர் பண்ணிட்டுப் போயிருக்கான், இப்ப பாரு மச்சான்” என்றேன். உன் மாமா கல்லை எடுக்கச் சக்கரத்துக்கு முன்னால் குனிந்தார். நான் கீழே நின்றபடி சாவியைத் திருப்பினேன்.

வண்டி எகிறிப் போய் எதிர்ச்சுவரில் முட்டி நின்றது. நடுவில் உன் மாமாவின் இடது கால். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு எழுத்து போதாது.

அவரைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு ஓடினோம். நீ வகுப்பிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாய். வந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. “அப்பா, நியூட்ரல் பாக்காம போடாதன்னு சீட்டு எழுதி வெச்சேனே பா, பாக்கலியா?” அந்த நொடியில்தான் சீட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. அது என் சட்டைப்பையில்தான் இருந்தது. கட்டிலில் உன் மாமா, சுற்றிலும் சொந்தக்காரர்கள். நான் சொன்னேன், “எந்த சீட்டுடா? சாமான் லிஸ்டுதான் இருந்துச்சு.” உன் மாமா அந்த வலியிலும் தலையை ஆட்டினார். “ஆமா, எனக்குப் படிச்சுக் காட்டினாரே. பல்பு, ஃப்யூஸுன்னு” என்றார். நீ என் முகத்தைப் பார்த்தாய், அவர் முகத்தைப் பார்த்தாய். “ரெண்டு சீட்டு எழுதினேன்... மாத்திக் கட்டிட்டேனா?” என்று உனக்கு நீயே கேட்டுக்கொண்டாய். வீட்டுக்குப் போய் இன்னொரு சீட்டைத் தேடினாய். அது ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு துவைபட்டுக் கூழாகிப் போயிருந்தது. அதில் எது இருந்தது என்று பார்க்க வழியில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று. வசதி என்றே எழுதுகிறேன். வேறு நல்ல வார்த்தை தேட மாட்டேன்.

நீ சீட்டை மாற்றிக் கட்டவில்லை, சீலா. சரியான சீட்டைத்தான் கட்டினாய். ஒன்பது வருடமாக நீ சுமந்துகொண்டிருப்பது உன் தப்பு இல்லை.

நீ அதற்குப் பிறகு ஐ.டி.ஐ. பக்கம் போகவில்லை. ஒயர் என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாய். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வீட்டில் ஃப்யூஸ் போயிற்று. நீ மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, “யாரயாச்சும் கூப்புடுப்பா” என்றாய். மெக்கானிக்குக்கே பாடம் எடுத்த பிள்ளை ஃப்யூஸ் கட்டை முன்னால் அப்படி நின்றான். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். மெழுகு உன் விரலில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கல்யாணமான நாலாவது மாதம், அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த கடிதத்தை என்னிடம் கொடுத்து, “நீங்களே படிங்க” என்றபோது மாட்டிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. அதன் பிறகு நாலு பேர் எதிரே என்னிடம் காகிதம் வந்தால், “அவரு கண்ணாடி எடுத்துட்டு வரல, குடுங்க” என்று முந்திக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் நான் படித்துக் காட்டியதாக உன் மாமா சொன்னபோது அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும், “அந்த சீட்டு எங்க?” என்றாள். “களேபரத்துல எங்கியோ விழுந்துடுச்சு” என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. சொந்த அண்ணனிடமும் சொல்லாமல், பெற்ற பிள்ளையிடமும் சொல்லாமல் புருஷன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அவளை அப்படி வைத்திருந்ததும் நான்தான்.

சீட்டை நான் வண்டியின் ஆர்.சி. புக்கோடு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். படிக்கத் தெரியாமல் அதைக் கிழிக்கப் பயம். யாரிடமாவது படிக்கக் கொடுக்க அதைவிடப் பயம். உன்னிடம் போனில் பேசிய மறுநாள் காலையில் அதை எடுத்து வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. நீ எழுதியிருந்தது இதுதான்: ‘அப்பா, நியூட்ரல் சுவிட்ச் போய்விட்டது. புதுசு வாங்கும் வரை ஒயரை நேராகச் சேர்த்திருக்கிறேன். கியரில் இருந்தாலும் வண்டி கிளம்பிவிடும். ஏறி உட்கார்ந்து, நியூட்ரல் பார்த்துத்தான் சாவி போடு. கீழே நின்று போடாதே. முன்னால் யாரும் நிற்க வேண்டாம்.’ கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். இவ்வளவு தெளிவாக யாராலும் எழுத முடியாது.

செவ்வாய்க்கிழமை உன் மாமா கடைக்குப் போனேன். ஸ்டேஷன் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார் அல்லவா, ஸ்டூலில் அந்த மடங்காத காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். “இன்னா மாப்ள, பத்திரிகையா? அங்கியே வெச்சுட்டுப் போ” என்றார். “இல்ல மச்சான், ஒண்ணு படிச்சுக் காட்டணும்” என்றேன். “நீயா? கண்ணாடி கொண்டாந்தியா, இல்ல மறந்துட்டியா?” என்று சிரித்தார். நான் சீட்டைப் பிரித்து, விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். நடுவில் ஒருவர் பீடிக்கட்டுக் கேட்டு வந்தார். அவருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு, “ம், மேல படி” என்றார். முடித்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சீட்டைப் பிடுங்கி அவரே ஒரு தடவை படித்தார்.

“அன்னிக்கி பல்பு, ஃப்யூஸுன்னு சொன்னியே.”

“எனக்குப் படிக்கத் தெரியாது மச்சான். அப்ப தெரியாது.”

“தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் படிச்சிருப்பேனேடா! கல்லாண்ட குனியறதுக்கு முன்னாடி படிச்சிருப்பேனே!”

மாப்பிள்ளை என்பது போய் ‘டா’ வந்துவிட்டது. வரட்டும். சீட்டை மடித்துக்கொண்டே அவர் சொன்னார். “காலு போச்சு, அத வுடு. அந்தப் புள்ள ஆஸ்பத்திரில தெனம் வந்து என் கட்டிலாண்ட நின்னான். நான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினேன். எந் தங்கச்சி செத்தப்போகூட அவன் தோளத் தொடல நானு. ஒரு தப்பும் பண்ணாத புள்ளய. என்ன அப்படிப் பண்ண வெச்சுட்டியே, பாவி.” அவர் அழுவார் என்று நான் நினைக்கவே இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவன் போன் நம்பரச் சொல்லு” என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டார். “கல்யாணத்துக்கு வர்றேன். தங்கச்சி எடத்துல நிக்கறதுக்கு வர்றேன். உங்கூட எனக்குப் பேச்சு இல்ல. கெளம்பு” என்றார்.

ஆக, உன் மாமா வருகிறார். இந்தக் கடிதம் கிடைப்பதற்கு முன்பே அவர் உனக்குப் போன் செய்திருக்கலாம். அவர் பேசத் தடுமாறினால் நீயாகப் பேச்சைத் தொடங்கு. இத்தனை நாள் உன் மேல் வைத்திருந்த கோபத்தை இப்போது என் மேல் வைத்திருக்கிறார். அது முதலிலேயே எனக்கு வந்திருக்க வேண்டியது.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. இருந்தாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உனக்கு எது தெரியாதோ அதை முதல் வாரத்திலேயே உன் பெண்டாட்டியிடம் சொல்லிவிடு. அவளை உனக்காகப் பொய் சொல்ல வைக்காதே. பிறகு, மனம் வந்தால், நீங்கள் குடியேறும் வீட்டில் ஒரு ஃப்யூஸையாவது உன் கையால் போடு. உன் கை நல்ல கை.

கல்யாணத்தன்று சர்ச்சில் நான் முன் வரிசையில் உட்காரலாமா, பின்னால் எங்காவது உட்கார வேண்டுமா, இல்லை வரவே வேண்டாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். நீ எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். போனில் சொல்ல வேண்டாம், எழுதி அனுப்பு. பெரிய எழுத்தாக எழுத வேண்டியதில்லை, நீ எப்போதும் எழுதுவது போலவே எழுது. பதில் வராவிட்டாலும் வரும் வாரம் இதே போல உட்கார்ந்து உனக்கு எழுதுவேன். வந்தால், அதில் திட்டியே எழுதியிருந்தாலும், யாரிடமும் கொடுக்க மாட்டேன். கடைசி வரி வரைக்கும் நானே படிப்பேன்.

உன் அப்பா